செயற்கை முட்டியோடு சரிவில் நடப்பது: ஏற்றமும் இறக்கமும்

முழங்காலுக்கு மேலே கால் எடுக்கப்பட்டு, முட்டி வைத்த செயற்கைக் கால் போட்டு நடப்பவர்களுக்கான குறிப்புகள் இவை. சமதளத்தில் நன்றாகப் பழகியவர்கள்கூட, வண்டி ஏற்றுவதற்காக வாசலில் கட்டிய சாய்தளத்தைப் பார்த்ததும் நின்றுவிடுவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். சமதளத்தில் கற்ற நடையை அப்படியே சரிவுக்குக் கொண்டுபோனால் முட்டி காலை வாரிவிடும்.

ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், அவ்வளவுதான். ஆளை அதிகம் விழவைப்பது இறக்கம். ஆகவே பயிற்சி நேரத்தில் பெரும்பங்கை இறக்கத்துக்கு ஒதுக்குங்கள். பலரும் ஏறிப் பழகிவிட்டு, மேலே போன பிறகுதான் இறங்க வேண்டுமே என்று யோசிக்கிறார்கள்.

சமதளத்தில் ஒரு கைத்தடியோடு, அல்லது தடியே இல்லாமல், சுமார் நூறு மீட்டர் நிற்காமல் நடக்க முடியாதவர்கள் சரிவுக்குப் போக வேண்டாம். ஸ்டம்பில், அதாவது மிச்சமிருக்கும் தொடையில், புண் இருந்தாலோ, அதை உள்ளே வாங்கிக்கொள்ளும் கூடான சாக்கெட் நடக்க நடக்கக் கழன்று சுற்றிக்கொண்டாலோ, அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை.

முட்டி ஏன் மடங்குகிறது

சொந்தக் கால் இறக்கத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். குதிகால் தரையைத் தொட்டதும் கணுக்கால் வளைந்து பாதத்தைச் சரிவோடு படியவைக்கிறது. தொடையின் முன்தசை இழுத்துப் பிடிக்க, முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி உடம்பைக் கீழே இறக்குகிறது. செயற்கைக் காலில் இந்த இரண்டு வேலைக்கும் ஆளில்லை. சாதாரணச் செயற்கைப் பாதத்தில் கணுக்கால் வளையாது. முட்டியைப் பிடிக்கத் தசையும் கிடையாது. பாதம் சரிவில் படிய வேண்டுமானால், அதோடு இறுக்கிப் பூட்டி முட்டிவரை போகும் பைப் முன்னால் சாய்ந்தே ஆக வேண்டும். பைப் சாய்ந்தால் முட்டி முன்னே தள்ளப்படும். அந்த நொடியில் உடம்பின் எடை முட்டிக்குப் பின்னால் விழுந்தால் முட்டி மடங்கும்.

இதைத் தடுக்க உங்களிடம் மிச்சமிருக்கும் ஒரே தசைபலம் இடுப்பில்தான் இருக்கிறது. புட்டத்துத் தசையை இறுக்கி, ஸ்டம்பை சாக்கெட்டின் பின்சுவரில் அழுத்தினால் தொடை பின்னால் போகும், முட்டி நேராக நிற்கும். எண்ணெயின் எதிர்ப்பில் தாங்கும் ஹைட்ராலிக் இல்லாத எந்த முட்டியோடும் இறக்கத்தில் நடக்கும் வித்தை இந்த ஓர் அழுத்தம்தான்.

பயந்தவர்கள் செய்யும் தவறும் இங்கிருந்தே புரியும். இறக்கத்தைக் கண்டதும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சொந்தக் காலோடு அப்படிச் சாய்ந்தால் பிழைத்துக்கொள்ளலாம். செயற்கை முட்டியில் அது எடையை இன்னும் பின்னால் தள்ளி, மடங்குவதற்கு வழிசெய்து கொடுக்கிறது. விழக்கூடாது என்று சாய்வதே விழவைக்கிறது. உடம்பை நிமிர்த்தி, இடுப்பைப் பாதத்துக்கு மேலே கொண்டுவர வேண்டும்.

ஏற்றத்தில் எல்லாம் எதிர்மாறு. சரிவு பாதத்தின் முன்பகுதியைத் தூக்குவதால் பைப் பின்னால் தள்ளப்படுகிறது. முட்டி தானாகவே நேராகிப் பூட்டிக்கொள்கிறது. மடங்கும் பயம் குறைவு. ஆனால் அந்த விறைத்த காலைத் தாண்டி உடம்பை மேலே கொண்டுபோக வேண்டும். சுவர் ஏறிக் குதிப்பதுபோல் இருக்கும். பாதத்தை வீசும்போது தரை உயர்ந்துகொண்டே வருவதால் விரல்நுனி இடிப்பதும் இங்குதான்.

காலணியும் ஒரு சரிவுதான்

செயற்கைப் பாதத்தில் குதிகாலுக்கும் முன்பாதம் ஊன்றும் இடத்துக்கும் சுமார் 16 செ.மீ. தூரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கால் செய்து சீரமைத்தபோது போட்டிருந்த காலணியைவிடக் குதி 1 செ.மீ. உயரமான காலணியை மாட்டினால், 16-க்கு 1 என்ற சரிவில் இறங்கிக்கொண்டே நிற்பதாகப் பொருள். கிட்டத்தட்ட மூன்றரை டிகிரி. சமதளத்திலேயே முட்டி இளகியதுபோல் தோன்றும்; இறக்கத்தில் இரண்டும் சேர்ந்துகொள்ளும். குதி தாழ்ந்த காலணி போட்டால் இறக்கம் எளிதாகும், ஏற்றம் கடினமாகும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தால் முட்டி பின்னால் தள்ளுவதுபோல் இருப்பதும் இதனால்தான். புதுச் செருப்பு வாங்கப் போகும்போது பழையதை எடுத்துப்போய்க் குதி உயரத்தையும் முன்பக்க உயரத்தையும் ஸ்கேலால் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பழையதில் எவ்வளவோ, புதியதிலும் அவ்வளவே இருக்க வேண்டும்.

பின்வார் இல்லாத செருப்பு வேண்டவே வேண்டாம். செயற்கை விரல்கள் செருப்பைக் கவ்விப் பிடிக்காது. இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கிவிடும். ரப்பர் பாதம் வைத்த ஜெய்ப்பூர் கால் போட்டவர்கள் வெறுங்காலோடும் நடக்கலாம், கரடுமுரடான நிலத்தில் அந்தப் பாதம் பல பக்கமும் வளைந்து கொடுக்கவும் செய்யும். நனைந்த சிமென்ட்டிலும் டைல்ஸிலும் மட்டும் அதை நம்பாதீர்கள்.

உங்களிடம் இருப்பது எந்த முட்டி

சரிவில் நடக்கும் முறை முட்டியின் வகையைப் பொறுத்து மாறும். பக்கத்து வீட்டுக்காரர் இறங்கும் முறை உங்களுக்கு ஆபத்தாக இருக்கலாம். தெரியாவிட்டால் கால் செய்து கொடுத்த இடத்தில் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

லாக் முட்டி நடக்கும்போது மடங்காது. உட்காரும்போது கயிற்றையோ நெம்பையோ இழுத்து விடுவிக்க வேண்டும். இறக்கத்தில் இது பத்திரம், ஏற்றத்தில் விரல் இடிக்கும். அதற்காகவே இந்தக் காலைப் பெரும்பாலும் 1 செ.மீ. அளவு குட்டையாகச் செய்வார்கள். கிளம்பும் முன் 'டக்' என்று பூட்டிய சத்தம் கேட்டதா என்பதோடு நிற்காமல், காலின் மேல் உடம்பின் எடையைப் போட்டும் பாருங்கள்.

எடை விழுந்தால் பிரேக் பிடிக்கும் முட்டி, ஏறக்குறைய நேராக இருக்கும்போதுதான் பிடிக்கும். சுமார் 15, 20 டிகிரிக்கு மேல் மடங்கிவிட்டால் பிரேக்கை மறந்துவிடலாம். உள்ளே உராயும் பகுதி நாளடைவில் தேயும். சமதளத்தில் தெரியாத தேய்மானம் சரிவில் முதலில் தெரியும்.

பல அச்சு முட்டி, அதாவது நான்கு இணைப்புகள் சேர்ந்து மடங்கும் வகை, இந்தியாவில் பரவலாகக் கிடைப்பது. சென்னை ஐஐடி 2022-ல் அறிமுகப்படுத்திய 'கடம்' இந்த வகை. அது 160 டிகிரி வரை மடங்கும். நேராக இருக்கும்போது இந்த வகை மிக உறுதியாக நிற்கும். மடங்கும்போது காலின் நீளம் சற்றுக் குறைவதால் ஏற்றத்தில் விரல் இடிப்பது குறையும். ஆனால் இறக்கத்தில் ஒருமுறை மடங்கத் தொடங்கிவிட்டால் நடுவில் தாங்கிப் பிடிக்க அதில் எதுவும் இல்லை.

ஊன்றும்போதும் தாங்கும் ஹைட்ராலிக் முட்டியும், உள்ளே சிறு கணினி வைத்த மைக்ரோபிராசசர் முட்டியும் தனி ரகம். எடை விழுந்ததும் எண்ணெயின் எதிர்ப்பில் மெல்ல மடங்கி ஆளைக் கீழே இறக்கும். 1997-ல் வந்த சி-லெக் (C-Leg) என்ற முட்டியில் இருந்து மைக்ரோபிராசசர் வகையில் கணினி அந்த எதிர்ப்பை நொடிக்கு நொடி மாற்றுகிறது. ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'ஹைட்ராலிக்' என்று விற்கப்படும் சில முட்டிகளில் காலை வீசும்போது மட்டும்தான் ஹைட்ராலிக் வேலை செய்யும், ஊன்றும்போது செய்யாது. அதை நம்பி எடையை விட்டால் நேராகத் தரைதான்.

வாட்டத்தை அளந்துவிட்டு இறங்குங்கள்

கண்ணால் பார்த்துச் சரிவை மதிப்பிட முடியாது. மேலிருந்து பார்த்தால் செங்குத்தாகவும், கீழிருந்து பார்த்தால் லேசாகவும் தெரியும். ஒரு மீட்டர் சட்டம் ஒன்றும் ரசமட்டம் ஒன்றும் போதும். சட்டத்தின் ஒரு முனையைச் சரிவில் வைத்து, ரசமட்டத்தின் குமிழ் நடுவில் வரும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடையே 8 செ.மீ. இருந்தால் 12-க்கு 1. கொத்தனார் கணக்கில் அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். பொது இடங்களில் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பொதுவாக வைக்கும் அளவு இதுதான். 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. இடைவெளி 18 செ.மீ. என்றால் 10 டிகிரி. வாசலில் பைக் ஏற்றக் கட்டும் சாய்தளம் ஓர் அடி உயரத்துக்கு மூன்றடி நீளம் மட்டும் இருந்தால் அது 18 டிகிரியைத் தாண்டும். பழகியவர்களே அதில் நேராக இறங்கக் கூடாது.

எங்கள் கணக்கு இது: அடிக்கு ஓர் அங்குலம் வரை நேராக நடக்கலாம். அதிலிருந்து ஒன்றரை அங்குலம் வரை, அதாவது 8-க்கு 1 வரை, கைப்பிடியோ தடியோ வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எட்டுக்கும் இரண்டு காலையும் சேர்த்துச் சேர்த்துப் போகலாம். அதற்கும் மேல் பக்கவாட்டில்தான். தரை ஈரமாக இருந்தாலோ, பாசி பிடித்திருந்தாலோ, சிமென்ட்டின் மேல் மணல் சிதறியிருந்தாலோ ஒரு படி கூடுதல் கவனம்: நேராக நடக்கக்கூடிய சரிவையும் காலைச் சேர்த்துச் சேர்த்தே இறங்குங்கள். வீட்டுச் சாய்தளம் உங்கள் கையில் இருப்பதென்றால், குறுக்கே கோடு கீறிய சொரசொரப்பான சிமென்ட் பூசச் சொல்லி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துவிடுங்கள். வழவழப்பான டைல்ஸ் பார்வைக்கு மட்டும்தான் நன்றாக இருக்கும்.

இடுப்பைத் தயார் செய்தல்

மல்லாந்து படுத்து, ஸ்டம்பின் அடியில் இறுக்கமாகச் சுருட்டிய துண்டை வையுங்கள். ஸ்டம்பால் துண்டைக் கீழே அழுத்தி இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்துங்கள். 10 முறை, 3 சுற்று. இறக்கத்தில் செய்யப்போகும் அழுத்தம் இதேதான். நல்ல கால் பக்கமாக ஒருக்களித்துப் படுத்து ஸ்டம்பைப் பக்கவாட்டில் தூக்குவதும் அதே எண்ணிக்கை.

தினமும் இரண்டு வேளை 20 நிமிடம் குப்புறப் படுங்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இடுப்பு முன்பக்கம் மடங்கியபடி இறுகிப்போகும். அப்படி இறுகியவர் தொடையைப் பின்னால் அழுத்த நினைத்தாலும் அது போகாது. கீழ்முதுகு வளைந்து கொடுக்கும், முட்டி மடங்கிவிடும். சாக்கெட்டையோ முட்டியையோ குறை சொல்வதற்கு முன் இதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சமதளத்தில் மேஜையைப் பிடித்து நின்று, செயற்கைக் காலை அரை அடி முன்னால் வைத்து, தொடையைப் பின்னால் அழுத்தி, பிறகு எடையைப் போடுங்கள். வரிசை முக்கியம். முதலில் அழுத்தம், அப்புறம் எடை. எடை விழுந்த பிறகு அழுத்தினால் காலம் கடந்துவிடும். யோசிக்காமல் இந்த வரிசை வரும்வரை சரிவுக்குப் போக வேண்டாம்.

கிளம்பும் முன்

காலைக் கழற்றி, ஸ்டம்பின் மேல் போடும் உறையான லைனரையும் தோலையும் துடைத்து மறுபடி மாட்டுங்கள். நம் வெயிலுக்கு அரை மணி நேரத்தில் லைனருக்குள் வியர்வை தேங்கும். வியர்வை தேங்கினால் சாக்கெட் சுற்றும். சாக்கெட் சுற்றினால் பாதத்தின் திசை மாறும், முட்டியின் மடக்கும் கூடவே கோணலாகும். ஸ்டம்ப் சாக்ஸ் போடுபவர்கள் பையில் ஒரு மடிப்பு, மூன்று மடிப்புத் தடிமனுள்ள சாக்ஸ் கூடுதலாக வைத்திருங்கள். மதியத்துக்குள் ஸ்டம்ப் சுருங்கி, இறக்கத்தில் உள்ளே இறங்கிக்கொண்டே போவதுபோல் இருக்கும். ஸ்டம்பின் நுனி தட்டுவதாகத் தோன்றினால் ஒரு மடிப்பைச் சேர்க்க வேண்டும்.

வேட்டியை மடித்துக் கட்டுங்கள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்திக் கட்டி, கொசுவத்தைப் பின் குத்திவிடுங்கள். ஏற்றத்தில் முன்விளிம்பு பாதத்துக்கு அடியில் சிக்குவதை செயற்கைக் கால் உங்களுக்குச் சொல்லாது. கையில் சுமை வேண்டாம். முதுகுப் பை என்றால் லேசாக, உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். கனமான பை இறக்கத்தில் பின்னாலிருந்து இழுக்கும்; பின்னால் சாய்வதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

துணைக்கு வருபவர் கையைப் பிடிக்கக் கூடாது. இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடிக்க வேண்டும். இறங்கும்போது அவர் உங்களுக்கு முன்னால், செயற்கைக் கால் பக்கமாகச் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறும்போது பின்னால், அதே பக்கம். எப்போதும் உங்களைவிடத் தாழ்வான இடத்தில்.

இறங்குவது: ஹைட்ராலிக் தாங்கல் இல்லாத முட்டி

மூன்று நான்கு மீட்டர் நீளம், அடிக்கு ஓர் அங்குலம் வாட்டம், இரண்டு பக்கமும் கைப்பிடி. இப்படிப்பட்ட இடத்தில் தொடங்குங்கள்.

1. உச்சியில் நின்று இரண்டு பாதத்தையும் சேருங்கள். தடி நல்ல கால் பக்கக் கையில். மறு கை கைப்பிடியில்.

2. தடியை ஓர் எட்டு கீழே ஊன்றுங்கள்.

3. செயற்கைக் காலை முன்னே வையுங்கள். எட்டின் நீளம் ஒரு பாத அளவுக்கு மேல் போகக் கூடாது. எட்டு நீண்டால் குதிகால் மட்டும் தொட்டு நிற்கும். பாதம் படிய நேரமெடுக்கும். அந்த நேரத்தில்தான் முட்டி போகும்.

4. குதி தொட்ட அதே கணத்தில் ஸ்டம்பைப் பின்சுவரில் அழுத்துங்கள். முட்டி நேராகப் பிடித்ததை உணர்ந்த பிறகு எடையை மாற்றுங்கள். பார்வை இரண்டு மூன்று மீட்டர் முன்னால் இருக்கட்டும். பாதத்தையே பார்த்தால் உடம்பு இடுப்பில் மடங்கி, புட்டம் பின்னால் போய்விடும்.

5. நல்ல முழங்காலை மெதுவாக மடக்கி உடம்பை இறக்கி, அந்தக் காலைச் செயற்கைக் காலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேருங்கள். தாண்டிப் போக வேண்டாம்.

6. நிற்கவும். நிலை சரியானதும் மீண்டும் தடி.

தொடர்ந்து பத்து முறை கைப்பிடியில் பாரம் போடாமல், வெறுமனே விரல் தொட்டபடி இறங்க முடிந்தால், கைப்பிடி இல்லாத சரிவுக்குப் போகலாம். கணக்கு நாட்களில் இல்லை. ஒருவருக்கு ஒரு வாரம் ஆகும், இன்னொருவருக்கு இரண்டு மாதம்.

இந்த முறையில் இறக்கும் வேலை முழுவதும் நல்ல முழங்காலின் தலையில் விழுகிறது. நீண்ட இறக்கத்துக்குப் பிறகு அது வலித்தால் ஆச்சரியமில்லை. வலி வந்த பிறகு நிற்பதைவிட, இருபது முப்பது எட்டுக்கு ஒருமுறை பக்கவாட்டில் திரும்பி நின்று ஓய்வெடுப்பது மேல்.

பிரேக் முட்டிக்காரர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. இறக்கத்தில் எடை முழுதாக விலகாமல் காலை வீச நினைத்தால் பிரேக் விடாது, கால் நடு எட்டில் ஒட்டிக்கொள்ளும். நல்ல கால் உறுதியாக ஊன்றி, எடை முழுவதும் அதற்கு மாறிய பிறகே செயற்கைக் காலை எடுங்கள்.

இறங்குவது: ஹைட்ராலிக், மைக்ரோபிராசசர் முட்டி

மேலே சொன்ன அழுத்தத்தை இங்கே மறக்க வேண்டும். பழைய முட்டியிலிருந்து மாறியவர்களுக்கு இதுதான் பெரும்பாடு. வருடக்கணக்கில் தொடையைப் பின்னால் அழுத்திப் பழகிய உடம்பு, புது முட்டியையும் மடங்க விடாது. விலை உயர்ந்த முட்டியைப் போட்டுக்கொண்டு லாக் முட்டி நடை நடப்பவர்கள் நிறைய.

முதலில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே சமதளத்தில் நின்று, செயற்கைக் காலை முன்னால் வைத்து, எடை முழுவதையும் அதன் மேல் போட்டு, முட்டியை மடங்க விடுங்கள். நாற்காலியில் மெதுவாக உட்காரும் உணர்வு அது. எடையைப் பாதியில் திரும்ப எடுக்காதீர்கள். எதிர்ப்பு கிடைப்பது எடை இருக்கும்வரைதான். எவ்வளவு வேகத்தில் மடங்குகிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். பத்துப் பதினைந்து முறை செய்த பிறகு சாய்தளத்துக்கு வாருங்கள்.

சாய்தளத்தில் குதி முன்னே படட்டும். எடையை முழுதாகக் கொடுங்கள். முட்டி மடங்க மடங்க அதன் மேலேயே பயணம் செய்து, நல்ல காலை அதைத் தாண்டி முன்னே வையுங்கள். நல்ல கால் ஊன்றியதும் செயற்கைக் கால் ஏற்கெனவே மடங்கியிருக்கும். அப்படியே முன்னால் வீசி, முட்டி நீண்டதும் அடுத்த எட்டு. இரண்டு எட்டும் ஒரே நீளத்தில் வர வேண்டும். நல்ல கால் அவசரமாகத் 'தொப்'பென்று விழுந்தால், எதிர்ப்பு குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது அல்லது நீங்கள் பயந்து பாதியில் ஓடுகிறீர்கள். மடங்காமல் கட்டையாக நின்று, ஒவ்வோர் எட்டிலும் உடம்பு குலுங்கினால் எதிர்ப்பு அதிகம். இரண்டையும் பொருத்துநரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். உங்கள் எடை ஐந்தாறு கிலோ கூடினாலோ குறைந்தாலோகூட அமைப்பைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீண்ட மலைப்பாதை இறக்கத்தில் எண்ணெய் சூடாகும். சூடான எண்ணெய் இளகும். மைக்ரோபிராசசர் முட்டிகள் பீப் சத்தத்தாலோ அதிர்வாலோ எச்சரித்துத் தங்களை இறுக்கிக்கொள்ளும். அந்தச் சத்தம் வந்தால் உட்கார்ந்து ஆறவிட வேண்டும். பேட்டரி தீர்ந்தால் முட்டி இறுகுமா, இளகிவிடுமா என்பது மாடலுக்கு மாடல் வேறு. மலைக்குக் கிளம்பும் முன் இதைத் தெரிந்துகொள்ளாமல் போகாதீர்கள்.

ஏறுவது

நல்ல கால் முன்னே, நீளமான எட்டு. செயற்கைக் கால் பின்னே, குறுகிய எட்டு. உடம்பை இடுப்பிலிருந்து சற்று முன்னால் சாய்க்கலாம். முதுகை வளைக்க வேண்டாம். செயற்கைக் காலின் எட்டு குறுகினால், அந்த விறைத்த காலைத் தாண்டிப்போக வேண்டிய தூரமும் குறையும். பலர் இதை மாற்றிச் செய்து, செயற்கைக் காலை நீட்டி வைத்துவிட்டு அதன் மேல் ஏற முடியாமல் திணறுவார்கள்.

ஏற்றத்தில் தரை சீக்கிரம் வந்துவிடும். வீசிய முட்டி முழுதாக நீளுவதற்கு முன்பே பாதம் தரையைத் தொட்டால், மடங்கிய முட்டியின் மேல் எடை விழும். ஏற்றத்தில் விழுபவர்கள் விழுவது இப்படித்தான். இடுப்பால் காலை முன்னே எறிந்து, கடைசியில் தொடையை லேசாகப் பின்னுக்கு இழுத்தால் முட்டி 'டக்' என்று நீளும். அதற்குப் பிறகே ஊன்றுங்கள். நீள்வது எப்போதுமே தாமதமாகிறது என்றால் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கை இறுக்க வேண்டியிருக்கலாம்.

விரல் இடிப்பதற்கு உடம்பு தானாகக் கண்டுபிடிக்கும் இரண்டு வழிகள்: நல்ல காலின் நுனிவிரலில் எக்குவது, செயற்கைக் காலை வட்டமாகச் சுழற்றி வைப்பது. சரிவில் இரண்டும் கெடுதல். எக்கினால் ஒற்றை நுனிவிரலில் சமநிலை போகும். சுழற்றினால் பாதம் எங்கே விழும் என்று தெரியாது. செயற்கைக் கால் பக்க இடுப்பை ஓர் அங்குலம் மேலே தூக்கி வீசப் பழகுங்கள். லாக் முட்டிக்காரர்களுக்கு வேறு வழியே இல்லை.

8-க்கு 1-ஐ நெருங்கும்போது தாண்டி நடப்பதை விட்டுவிடுங்கள். நல்ல கால் மேலே, செயற்கைக் கால் வந்து சேரும், மீண்டும் நல்ல கால்.

பக்கவாட்டிலும் குறுக்காகவும்

செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளுங்கள். நல்ல கால் எப்போதும் மேட்டுப் பக்கம். ஏறும்போது நல்ல கால் முதலில் போகும், செயற்கைக் கால் சேரும். இறங்கும்போது செயற்கைக் கால் முதலில் போகும், நல்ல கால் சேரும். தடி மேட்டுப் பக்கக் கையில். அந்தப் பக்கம் தரை உயர்ந்திருப்பதால் தடியை ஓரிரு துளை குறைத்துக்கொள்ளலாம். இப்படி நிற்கும்போது சரிவு முட்டியை முன்னும் பின்னும் தள்ளாது. பக்கவாட்டில்தான் தள்ளும், அந்தத் திசையில் முட்டி மடங்காது. பார்ப்பவர்களுக்கு நண்டு நடையாகத் தெரியும். தெரியட்டும்.

அகலமான இடமாக இருந்தால் குறுக்காக நடப்பது வேகமானது. 10 டிகிரிச் சரிவில் 45 டிகிரி குறுக்காகப் போனால் காலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 7 டிகிரிச் சரிவு, அதாவது 8-க்கு 1. 60 டிகிரி குறுக்காகத் திரும்பினால் 5 டிகிரிதான். ஆனால் தரை இப்போது பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். செயற்கைக் கால் பள்ளத்துப் பக்கம் இருந்தால் அது குட்டையானதுபோல் ஆகி, விரல் இடிக்காமல் போகும். மேட்டுப் பக்கம் வந்தால் நீளமானதுபோல் ஆகி இடிக்கும். ஆகவே செயற்கைக் கால் பள்ளத்துப் பக்கம் வரும் திசையில் நீளமாக நடந்துவிட்டு, எதிர்த் திசையில் குறுகிய தூரம் மட்டும், இடுப்பைக் கூடுதலாகத் தூக்கி நடங்கள். ஏரிக்கரையிலும் கடற்கரை மணலிலும் இதே கணக்குதான். நடுவில் உயர்ந்து ஓரம் தாழ்ந்த தார்ச்சாலையிலும்கூட: வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரம் நடக்கும்போது இடது கால் மேட்டில் இருக்கும். இடது கால் செயற்கை என்றால் விரல் அடிக்கடி தட்டுவதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

திரும்பும் இடத்தில் கால்களைப் பின்னிக்கொள்ளாதீர்கள். நின்று, நல்ல காலை அச்சாக வைத்து, சின்னச் சின்ன எட்டாகத் திரும்புங்கள்.

திருகாணியைத் தொடாதீர்கள்

இறக்கத்தில் முட்டி போகிறது என்று வீட்டில் ஆலன் கீ எடுப்பவர்கள் உண்டு. முட்டியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் பொருத்தினால் உறுதி கூடும், உண்மைதான். ஆனால் வீசுவதற்கு மடங்க மறுக்கும், ஏற்றத்தில் விரல் இடிக்கும். குதிப்பகுதி கடினமாக இருந்தால் இறக்கத்தில் முட்டியை வேகமாக முன்னால் எறியும். மிருதுவான குதி பாதத்தைச் சீக்கிரம் படியவைக்கும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும். எந்தச் சரிவில், எந்தக் காலணியோடு, எட்டின் எந்தக் கட்டத்தில் முட்டி போகிறது என்று குறித்து, முடிந்தால் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படமெடுத்துப் பொருத்துநரிடம் காட்டுங்கள். சமதள அறையில் நடந்து காட்டினால் அவருக்கு எதுவும் தெரியாது.

விழுந்தால்

முட்டி போவதை உணர்ந்ததும் அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். தடியை விட்டுவிடுங்கள். கைப்பிடியில் ஒற்றைக் கையால் தொங்கினால் தோள்பட்டை பிசகும். நல்ல கால் பக்கமாக, முழங்கையை மடக்கியபடி சரிந்து விழுங்கள்.

உடனே எழ வேண்டாம். சாக்கெட் சுற்றியிருக்கிறதா, பாதத்தின் நுனி முட்டி பார்க்கும் திசையையே பார்க்கிறதா என்று உட்கார்ந்தபடி பாருங்கள். மேட்டைப் பார்த்துத் திரும்பி, செயற்கைக் காலைப் பின்னால் பள்ளத்துப் பக்கம் நீட்டி, நல்ல முழங்காலை மடக்கி ஊன்றி, இரண்டு கையையும் முன்னால் மேட்டில் வைத்து எழுங்கள். மேட்டுப் பக்கம் தரை உயரமாக இருப்பதால் சமதளத்தைவிட இது எளிது. பள்ளத்தைப் பார்த்தபடி எழுந்தால் மறுபடி உருள நேரும்.

வீட்டுக்கு வந்ததும் காலைக் கழற்றி, கைக்கண்ணாடி வைத்து ஸ்டம்பின் நுனி, தொடை இடுக்கு, உட்காரும் எலும்பு படும் இடம் மூன்றையும் பாருங்கள். சிவப்பு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையாவிட்டால் மறுநாள் சரிவு கிடையாது. கொப்புளமோ தோல் உரிந்திருப்பதோ தெரிந்தால், அது ஆறும்வரை அந்தக் காலையே போடாமல் ஊன்றுகோலில் நடங்கள். முட்டி விழுந்த அதிர்ச்சியில் 'கடகட'வென்று ஆடினாலோ, பைப் பிடிப்பில் இடைவெளி தெரிந்தாலோ, சமதளத்தில்கூட அதில் நடக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.